பூச்சியம் போட்ட கைக்கு

வாவியின் வனப்பும் வயலின் வளமும் வாய்த்த மட்டுநகர் மண் ஈன்ற மதியாளரே! ஷெல் விழுந்த நாளிலும் செம்மை குன்றாச் செயல்வீரரே! எண்களை ஏவல் கொண்ட எங்கள் ஏந்தலே! வாவிக்கரை மக்கள் சுகாதாரச் சங்கத்தின் திட்டமிடல் அதிகாரி, திரு. கோணாமலை வினாயகமூர்த்தி ஐயா அவர்களே! இன்று ஓய்வு பெற்றுச் செல்லும் தங்களுக்குச் சக ஊழியர் நாங்கள் கூடி வாசித்தளிக்கும் மடல் இது.

தங்கள் பெருமைகளை வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தோம். நேரந்தவறாமை, நேர்மை, நெஞ்சுரம், நோயாளர் மேல் நேசம் என்று தொடங்கவும் செய்தோம். தாதி செசீலியா குறுக்கே புகுந்து, அதெல்லாம் எல்லா மடலிலும் இருக்கிறதுதானே, அந்தக் கூட்டத்தில் நடந்ததை எழுதுங்கள் என்று ஒரே பிடியாய் நின்றார். அவர் பிடித்தால் உடும்புப்பிடி என்பது தாங்கள் அறியாததல்ல. மடலின் மரபு கொஞ்சம் கெட்டாலும் பொறுத்தருள்க.

தொண்ணூற்றிரண்டில், மாரி தொடங்குமுன் நடந்தது அது. வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் தோணித்துறை தாண்டி வருவது நின்றுபோயிற்று. எங்கள் சிகிச்சை நிலையத்துக் குளிர்ப்பெட்டியோ மண்ணெண்ணெய்ச் சுடரில் ஓடுவது. சுடர் அணைந்தால் உள்ளே இருக்கும் தடுப்பு மருந்து அத்தனையும் வீண். பாலருக்கு ஊசி போடும் பொறுப்பு செசீலியாவுடையது. மருந்து கெட்டால் தாய்மார் முகத்தில் எப்படி விழிப்பது என்று சோறுதண்ணியில்லாமல் அலைந்தார் அவர்.

ஆளாளுக்குச் சத்தம் போட்டு முடிவெடுக்காமல், வற்றாத வளம் எதுவென்று முறைப்படி தெரிவோம் என்று தாங்கள் எங்களைக் கூட்டினீர்கள். வெயில், காற்று, நெல்லுமி, மாட்டுச்சாணம் என நான்கையும் கரும்பலகையில் எழுதினீர்கள். விலை, உழைக்கும் காலம், திருத்தும் வசதி, கொண்டுவரும் வசதி ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று கேட்டு, முக்கியத்துக்கு ஏற்ப நிறை கொடுத்துக் கூட்டினீர்கள். வெயில் வென்றது! சூரியத் தகடுகளை இனாமாகத் தர உதவி நிறுவனம் ஒன்று காத்திருந்தபடியால் விலையில் அதற்குப் பத்துக்குப் பத்து. கொண்டுவரும் வசதிக்கு மட்டும் இரண்டு. தகட்டு மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கப் பற்றரி வேண்டும்; பற்றரியோ இராணுவச் சோதனைச் சாவடியில் தடைசெய்த பொருள், மறைத்துத்தான் கொண்டுவர வேண்டும். அந்த இரண்டைப் போட்டவர்களில் செசீலியாவும் ஒருவர். மற்றதிலெல்லாம் அள்ளியிருக்கிறதே, அது போனால் போகட்டும் என்று கைதட்டினோம்.

தாங்கள் கைதட்டவில்லை. பலகையைப் பார்த்தபடியே கேட்டீர்கள்:

“இந்தப் பற்றரிய ஆரு கொண்டு வாற? பேரச் சொல்லுங்க.”

பின்வரிசையில் இருந்த சாரதி யாக்கோப்பு எழும்பினார்.

“நான்தானே சேர் வான் ஓடுற. நான் கொண்டு வாறன்.”

யாக்கோப்பு செசீலியாவின் கணவர். கட்டிய மனிசனின் உயிருக்குத் தன் கையாலேயே பத்துக்கு இரண்டு போட்டிருப்பது அப்போதுதான் செசீலியாவுக்கு உறைத்தது. எங்களுக்கும் அப்படித்தான், ஆளுக்காள் முகம் பார்க்கக் கூசிப்போய் இருந்தோம்.

தாங்கள் அந்த இரண்டை அழித்துப் பூச்சியம் போட்டீர்கள்.

“இதக் கூட்டக்குடாது, பெருக்கோணும். ஒரு இடத்தில பூச்சியமெண்டா, மற்றதெல்லாம் பத்தா இருந்தும் வேலையில்ல.”

முன்னணியில் நின்ற வெயில் ஒரு கணத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. காற்றாடிக்கும் பற்றரி வேண்டும். உமி எரிக்கும் இயந்திரமும் சாவடி தாண்டாது. மிஞ்சியது சாணம்! கூட்டத்துக்கு வந்திருந்த உதவி நிறுவன அலுவலர், இனி எங்களிடம் எதுவும் கேட்டு வராதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசி மருந்தைச் சாணத்தை நம்பியா வைப்பது என்று திகைத்த செசீலியா, கணவர் தப்பிய நிம்மதிக்கும் மருந்து போகிற பதைப்புக்கும் நடுவே கிடந்து தத்தளித்தார்.

மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் குழி வெட்டி, சாண வாயு பிடிக்கக் கையில் கிடைத்த பழைய பீப்பாய்களைக் கவிழ்த்து, முழங்கால் மட்டும் சாணத்தில் நின்றவர் தாங்கள். அதுவரைக்கும் துறைக்கு அப்பால் ஐஸ் பெட்டியில் மருந்தை வைத்து ஊசி நாளில் மட்டும் சுமந்து வந்தார் செசீலியா. ஒரு நாள் அதே குளிர்ப்பெட்டியின் அடியில் சாண வாயு நீலச்சுடராய் எரிந்தது. உள்ளே கைவைத்துப் பார்த்த செசீலியா, சில்லென்றிருக்கிறதே என்று சொல்லி அழுதுவிட்டார்.

நாங்கள் வேண்டாமென்ற தகடுகளை வேறொரு சங்கம் ஏற்றது. பற்றரியோடு வந்த அதன் சாரதியைச் சாவடியில் இறக்கினார்கள். இன்றுவரை அவர் வீடு வரவில்லை. அந்தச் செய்தி கேட்ட அன்று நாங்கள் எவரும் சாப்பிடவில்லை. அவர் பெயரை இம்மடலில் எழுதலாமா என்று கேட்கப் போன வாரம் செசீலியா அந்த வீட்டுக்குப் போனார். மனைவி மறுத்துவிட்டார்.

“செத்தவங்கட பேர் மாதிரி எழுதிராதீங்க கா. அவர் வருவார்.”

ஆகையால் அந்தப் பெயர் இங்கே இல்லை, ஐயா.

கண்ணும் கணக்கும் மங்காமல், சொல்லும் சுகமும் குன்றாமல், துணைவியார் அன்னப்பூரணி அம்மையாருடன் தாங்கள் நெடுங்காலம் நிறைவாக வாழ எங்கள் நெஞ்சங்கள் வேண்டி நிற்கின்றன.

இங்ஙனம்,
சங்கத்து ஊழியர் அனைவருக்காகவும்,

தாதி யா. செசீலியா
சாரதி ம. யாக்கோப்பு