மேசைக்கடியில் எறும்பு

— அப்பா, உண்மையைச் சொல்லுங்க. இந்த மேசைக்கடியில என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?

— கடிகாரம் ரிப்பேர் பண்றவன் மேசைக்கடியில என்னம்மா இருக்கும்? உடைஞ்ச முள்ளு, பழைய ஸ்பிரிங். வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழட்டல, அதுக்குள்ள சோதனையா?

— இருங்க, டார்ச்சை இப்படி அடிங்க. இந்தச் சிலந்தி வலையிலேருந்து தரை வரைக்கும் நூல் நூலா இறங்குதா? ஒவ்வொண்ணோட அடியிலயும் பசை. எறும்பு வந்து உரசினா நூல் தரையை விட்டுப் பிச்சுக்கிட்டு…

— ஆளை அப்படியே சர்ருனு மேல தூக்கிரும். அது காலை உதறிக்கிட்டுத் தொங்கும். அப்புறம் நம்ம மகாராணி நிதானமா இறங்கி வருவா.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு நாள் முழுக்க இங்கதானே குந்தியிருக்கேன்! நீதான் சிலந்தி ஆராய்ச்சி, லீவு இல்லன்னு ரெண்டு வருஷமா வரல. ஒரு சிலந்தி போட்டோ அனுப்பினேன், மறுநாளே வாசல்ல நிக்கிற.

— பேச்சை மாத்தாதீங்க. இந்த வலையில ஒரு ஈ இருக்கா? ஒரு கொசு? அத்தனையும் எறும்பு. இந்த வகைச் சிலந்தி எறும்பைத் தவிர வேற எதையும் சீண்டாது. இத்தனை எறும்பு வரணும்னா இங்க இனிப்பு இருக்கணும். டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?

— இனிப்பைக் கண்ணால பாரு, கையால தொடாதேன்னாரு.

— அப்ப இது என்ன? ஸ்க்ரூ டப்பாவுக்குள்ள சர்க்கரை!

— பாத்து, கொட்டிராதே! மூடியைப் போட்டு இப்படிக் குடு.

— எனக்குன்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்பா. அம்மாவை ஆஸ்பத்திரியில வச்சுக்கிட்டு நாம பட்டது போதாதா?

— ஐயோ, அழாதடா தங்கம். ஒரு துளி நாக்குல வச்சதில்ல, சத்தியமா! அந்த ஆணியில குத்தி வச்சிருக்கேன் பாரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மூணு மாசத்தோடதும் இருக்கு, எடுத்துப் படி.

— நூத்தி முப்பது… நூத்தி இருபத்தஞ்சு… இது நூத்திப் பதினஞ்சா? குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கே!

— டாக்டரே எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு, கேட்டியா! அப்பாவைப் போய்த் திருடன்னு பிடிச்சியே.

— தப்புதான், மன்னிச்சுக்கோங்க. அப்ப இந்தச் சர்க்கரை யாருக்கு?

— எறும்புக்கு. காலையில ஒரு சிட்டிகை, கடை மூடும்போது ஒரு சிட்டிகை.

— எறும்புக்கு எதுக்குப்பா சர்க்கரை?

— எறும்பு வந்தாத்தான் சிலந்தி தங்கும். சிலந்தி இருந்தாத்தானே நீ வருவே?