நம்பர் பிளேட்டுல பேரு

...இல்ல, எனக்கு ஒண்ணு புரியல. கவர்மென்ட்டு ஒழுங்கா எழுத்தும் நம்பருமா குடுக்குது. அத மாட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான? பத்தாதாம். தனியா பணம் கட்டி, ஆசப்பட்ட பேர எழுதி மாட்டணுமாம். அந்தா, சன்னல் வழியா பாருங்கக்கா, அந்த வெள்ளக் காரு. என்ன எழுதியிருக்கு? 'ஆண்டவர் தந்தது'. ஆண்டவரு தந்தாரு, சரி. பின் கண்ணாடிய ஒடச்சது யாரு? பிளாஸ்டிக்க ஒட்டி வெச்சிருக்கான்.

கொஞ்சம் நகருங்க, இந்த சோளமாவு மூட்ட கால்ல இடிக்குது. சிலெஞ்சே வரைக்கும் மடியில வெச்சுட்டா போக முடியும்? இந்த லூசாக்கா நெரிசல்ல எப்பப் போயிச் சேருவோமோ...

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், பேரு. எங்க தெருவுல ஒருத்தன் 'முதலாளி 1'ன்னு போட்டிருக்கான். கடையில மொத்தமே அவனும் ஒரு தராசும்தான். யாருக்குய்யா முதலாளி, தராசுக்கா? இன்னொருத்தன் மொதப் பொண்டாட்டி இருந்தப்ப 'என் ரூத்'துன்னு போட்டான். ரூத் போயிட்டா, புண்ணியவதி, தப்பிச்சுப் போயிட்டா. இப்ப வந்திருக்கறவ எஸ்தர். அந்தப் புள்ள ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு 'என் ரூத்'ல வந்து எறங்குது. எறங்கின கையோட பின்னாடி ஓடிப்போயி பிளேட்ட மறைச்சுக்கிட்டு நிக்குது, யாரும் படிச்சிரக் கூடாதுன்னு. ஊரே படிச்சாச்சு. மாத்தித் தொலையேண்டான்னா, பணம் கட்டியாச்சேங்கறான்.

சிரிக்கவே மாட்டேங்கறீங்க. மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு, ராத்திரி தூங்கலையா? சரி சரி, நீங்க பேச வேணாம். நான் பேசுறேன்.

எல்லாத்துக்கும் மேல எங்க சர்ச்சுக்கு வர்ற இந்த சகாலா. 'எஞ்சினியர் சகாலா'ன்னு கொட்ட எழுத்துல மாட்டிக்கிட்டு, அந்தக் கார லாட்ஜ் வாசல்ல நிப்பாட்டுறாரு. திருட்டுத்தனம் பண்ணப் போற மனுசன் பேர எழுதி மாட்டிக்கிட்டா போவாரு? எஞ்சினியருக்குப் படிச்சு என்ன, அறிவு வேணாம்? நான் சும்மா அந்தப் பக்கமாப் போனேன். கண்ணு இருக்கு, பாத்தேன். வாயி இருக்கு, அவரு பொண்டாட்டிகிட்ட சொன்னேன். நல்லதுக்குத்தான். ஆனா அவ கருவிக்கிட்டுத் திரிஞ்சது புருசன் மேல இல்லக்கா, எம்மேல.

அங்கதான் வந்தது வினை. எனக்கும் காரு இருக்கு. ஆமா, பஸ்ஸுல வந்தா காரு இல்லாதவளா? சின்னக் காருதான், செவப்பு. அதுல... சரி, பேரு இருக்கு. என்ன அப்படிப் பாக்குறீங்க? நான் போட்டது வேற. மூத்தவ லோம்பே பொறந்ததுலேருந்து ஊரே என்னைய பானா லோம்பே, லோம்பேயோட அம்மான்னுதான் கூப்புடுது. கூப்புடுற பேர எழுதினா அது பெருமையா? புருசன நச்சரிச்சு நச்சரிச்சு வாங்கினது. மொதமொத ஓட்டிட்டுப் போயி அவரு அக்காகிட்டதான் காட்டினேன். பானா கஃபுலா, என் அண்ணி. கார ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "பேரு பெருசா இருக்கு, காருதான் சின்னதா இருக்கு"ன்னாங்க. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. வேற யாராச்சும் சொல்லியிருந்தா கிழிச்சிருப்பேன். அவங்க மேல எனக்குக் கோவமே வராது. கட்டிக்கிட்டு வந்த புதுசுல அந்த வீட்டுல எனக்காகப் பேசினது அவங்க ஒருத்தங்கதான்.

அவங்க போயிட்டாங்கக்கா. இந்த வாரந்தான்.

சேதி வந்தப்ப நான் தல பின்னுற கடையில ஒக்காந்திருக்கேன். பாதித் தல பின்னியாச்சு, பாதி பரட்டையா நிக்குது. அப்படியே எந்திரிச்சு சாவு வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா? எத்தன பொம்பளைங்க, எத்தன கண்ணு. முடிச்சுட்டுப் போலாம்னு மலேரியான்னு சொல்லியனுப்பினேன். மலேரியா வராத ஆளு யாரு இந்த ஊருல? ஆனா மலேரியான்னு சொல்லிட்டு மறுநாளே எப்படிப் போயி நிக்கறது? அதுக்கும் மறுநாள்? அப்படியே போச்சு. நம்பத்தான் செஞ்சாங்க, அந்த சகாலா பொண்டாட்டி போட்டோ அனுப்பற வரைக்கும். கடை வாசல், செவப்புக் காரு, பளிச்சுன்னு 'பானா லோம்பே'. அடக்கம் முடியற வரைக்கும்னு சாவு வீட்டுத் தரையில பாய் விரிச்சுப் படுத்திருந்த அத்தன பொம்பளைங்க போனுக்கும் போயிருக்கு. வெறும் நம்பரா இருந்திருந்தா எவளுக்குத் தெரிஞ்சிருக்கும்?

நாளைக்கு அடக்கம். "இன்னிக்கு ராத்திரி நீ அவங்களோட தரையில படுக்கலன்னா, எங்க வீட்டுப் பொம்பளன்னு இனிமே சொல்லிக்காத"ன்னுட்டாரு புருசன். கத்தினாக்கூடப் பரவால்ல, மெதுவாச் சொன்னாரு. அதான் யாரு கண்ணுலயும் படாம, கார வீட்டுல விட்டுட்டு, சாவு வீட்டுக்குக் குடுக்குற மாவு மூட்டையும் நானுமா பஸ்ஸுல. சொல்றதுக்கு ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன், கேளுங்க. கார எடுத்துட்டுப் போனது என் தங்கச்சி மக. தல பின்னினதும் அவளுக்குத்தான். நான் காய்ச்சல்ல சுருண்டு கெடந்தேன். இந்தத் தலத்துணிய யாரு அவுத்துப் பாக்கப் போறா? குரல எறக்கிப் பேசினாப் போதும். எப்படி, நம்புவாங்கல்ல?

இந்தா, மார்க்கெட் வந்தாச்சு. நான் இங்கதான். அட, நீங்களுமா? ஒரு கை புடிங்க... மகராசி. எந்தப் பக்கம்? நானும் அந்தத் தெருதான். எந்த வீடு? பச்ச கேட்டு போட்ட வீடா...

என்னக்கா, எதுக்கு சாவு வீட்டுக்குக் கட்டுற மாதிரி சித்தெங்கே துணிய எடுத்து இடுப்புல கட்டுறீங்க? ஏங்க்கா அழுவுறீங்க? கிட்வேலேருந்தா? ராத்திரி பூரா பஸ்ஸுலயா? கஃபுலாவோட மாமியாரா... எங்க அண்ணிக்குச் சம்பந்தியா நீங்க?

அக்கா, நில்லுங்க. மெதுவா அழுங்க, எல்லாரும் வெளிய வர்றாங்க. நான் சொன்னதெல்லாம் சும்மா, பஸ்ஸுல பொழுது போகப் பேசினது. உள்ள போயி... அக்கா, மூட்டைய இப்படி நடுத்தெருவுல போட்டுட்டுப் போறீங்களே.

போயிட்டா.

அண்ணி, நீங்க இருந்திருந்தா இதுக்கும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சிருப்பீங்க. பேசாம காருலயே வந்திருக்கலாம். அதுல எம்பேரு மட்டுந்தான எழுதியிருக்கு.