சாட்சி இரும்பு

இப்போதெல்லாம் மனிதனைக் கேட்டு யாரும் எதையும் தெரிந்துகொள்வதில்லை. மிஷினைக் கேட்கிறார்கள். எங்கள் ஊர் எல்லைக்கல் ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவேன். ஆனாலும் என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே ஒரு வட்டத் தட்டைக் கழியில் கட்டித் தரையைக் கேட்டார்கள். நீங்களும் அப்படித்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் வாய் திறப்பதற்குள், மிஷின் என்ன சொன்னது என்றுதான் விசாரித்தீர்கள். போகட்டும். எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் வீராசாமி. வயது அறுபத்தைந்து இருக்கும். படிப்பு ஒன்றரை வருஷம். ஊர் நாகலாபுரத்துக்குக் கிழக்கே. ஆந்திரா தனியாகப் பிரிந்து ஆறேழு வருஷம் ஆகியும் எங்கள் பக்கத்துக் கிராமங்கள் யாருக்கு என்று முடிவாகாமல் கிடந்தது. இப்போது முடிவாகிவிட்டதாம். எங்கள் ஊர் எல்லையேதான் ராஜ்ஜியத்துக்கும் எல்லையாம். அதனால் கல் கல்லாகச் சரிபார்க்க, போன தை மாதம் சர்வேயர் நாகபூஷணம் வந்தார். முன்னால் போய் முள்ளை வெட்டி வழி செய்து, கல்லைக் காட்டுவது என் வேலை.

எங்கள் பக்கத்தில் எல்லைக்கல்லை வெறும் குழியில் நடமாட்டோம். ஒரு கூடை கரி கொட்டி, அதன்மேல் தேய்ந்த ஏர்க்கொழு ஒன்றைப் போட்டு, பிறகுதான் கல். எவனாவது கல்லை நகர்த்தினாலும் பழைய இடத்தில் இரும்பு கிடந்து சாட்சி சொல்லும். அந்த இரும்பைத் தேடத்தான் மிஷின். யுத்தத்தில் கண்ணிவெடி தேடிய மிஷினாம், ஏலத்தில் எடுத்ததாம். அதைப் பிடிக்கத் திருப்பதியிலிருந்து சிட்டிபாபு என்று ஒருவர் வந்தார். நாற்பது வயது, பட்டாளத்தில் இருந்தவர், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். காதில் குழாயை மாட்டிக்கொண்டு தட்டைத் தரையை ஒட்டி ஆட்டிக்கொண்டே போவார். அடியில் இரும்பு இருந்தால் கீச்சென்று கத்தும். குழாயைத் தாண்டி எங்களுக்கே கேட்கும்.

முதல் நாளே நாகபூஷணம் எனக்கு விளக்கினார். சத்தம் வந்தால் கல் சரி, தொடாமல் அடுத்த கல்லுக்குப் போய்விடுவோம். சத்தம் வராத கல்லை மட்டும்தான் தோண்டுவோம் என்றார். தலையாட்டினேன். நம்பவில்லை. அடியில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்த பிறகு தோண்டாமல் போகிற சர்க்கார் மனுஷனை நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் பதினேழாவது கல்லைப் பற்றி மட்டும்தான் கவலை. எங்கள் கழனிக் கோடியில் நிற்கிறது. எனக்கும் என் பங்காளி பச்சையப்பனுக்கும் நடுவில் ஓடுகிற வரப்பு அந்தக் கல்லில்தான் போய் முட்டுகிறது. அதன் அடியில் இருப்பது எனக்கு மட்டும் தெரியும். அப்படியே இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

நாங்கள் செருப்புக்கு லாடம் அடித்துப் போடுகிறவர்கள். இரண்டாம் நாள் முள்ளை வெட்டும்போது என் கால் தட்டுக்குப் பக்கத்தில் போனது. மிஷின் கத்தியது. சிட்டிபாபு தரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என் காலைப் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மிஷின் பொய்க்காரன் என்று பெயர் வாங்கிவிட்டால், பதினேழாவது கல்லில் அது எது சொன்னாலும் எடுபடாது.

அதன் பிறகு தோன்றினால் காலை நீட்டினேன், தோன்றாவிட்டால் இழுத்துக்கொண்டேன். பாவம், அவர் பாட்டரியை மாற்றினார். ஒயரை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். பற்றவைத்த இடத்தையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தார். பனி இறங்கியிருக்கும் என்று தட்டை வெயிலில் காயவைத்தார். சரியாகிவிட்டது என்று நாகபூஷணத்தைக் கூப்பிடுவார். அவர் வந்து நின்றதும் வெறுந்தரையில் கத்தும். நாகபூஷணம் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போவார். சாப்பாட்டைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்த சிட்டிபாபு ஒரு மத்தியானம் என்னிடம் சொன்னார்:

"ஒரேடியா கெட்டுப்போனா கண்டுபிடிச்சிடலாம் பெரியவரே. அப்பப்போ கெட்டு அப்பப்போ சரியாவுது பாருங்க, அதுதான் ஆளைக் கொல்லுது."

கூழில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். நான் இரக்கம் இல்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

எட்டாம் நாள் ஏர்பேட்டில் ஒரு காரியத்துக்குப் போய்விட்டேன். அன்று முழுக்க மிஷின் ஒழுங்காக இருந்திருக்கிறது. அந்த மனுஷன் எது எப்போது கத்தியது, யார் எங்கே நின்றார்கள் என்று தினமும் நோட்டில் குறித்துவைத்திருக்கிறார். மறுநாள் என்னை நிற்கவைத்து, ஆரத்தி எடுப்பது போலத் தட்டை என்னைச் சுற்றிக் காட்டினார். பாதத்தண்டை வந்ததும் அலறியது.

"கழட்டுங்க அந்தச் செருப்ப" என்றார். கோபமே இல்லை. கட்டிப்பிடித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். செருப்பைக் கழற்றி வரப்பில் போட்டேன்.

அன்றைக்குப் பதினேழாவது கல். மிஷின் தெளிவாகக் கத்தியது. அடுத்த கல்லுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் நாகபூஷணம் நகரவில்லை. இத்தனை நாள் பொய் சொன்னதை இன்றைக்கு எப்படி நம்புவது, ஒரு கல்லையாவது தோண்டிப் பார்த்துவிடலாம் என்றார். மம்மட்டியை என்னிடம்தான் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் பச்சையப்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் கல்லை நாலு முழம் அவன் பக்கம் தள்ளிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். தள்ளியது உண்மைதான். அதற்காக ஊரெல்லாம் சொல்வதா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கங்கம்மா ஜாத்திரை அன்று, எல்லோரும் கோயிலில் இருந்தபோது, என்னைக் கழனிக்குக் கூட்டிக்கொண்டு போய் அவனே குழி தோண்டினான். கல்லுக்கு நாலு முழம் தள்ளிப் பழைய கொழு கிடைத்தது. அதைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டிச் சிரித்தான்.

"இரும்பு சொல்லுது பாத்தியா அண்ணா" என்றான்.

மம்மட்டியைக் கீழே வைத்திருந்தான். நான் எடுத்தேன். இரண்டாவது அடி தேவைப்படவில்லை.

குழி இருந்தது. ஆழப்படுத்தினேன், அவ்வளவுதான். அவனை வைத்து, மண் போட்டு, கரி போட்டு, அந்தக் கொழுவையே போட்டேன். இரும்பில்லாமல் கல் நட எனக்குக் கை வராது. மேலே கல்லை நட்டேன். கவனியுங்கள் ஐயா, பழைய இடத்திலேயே நட்டேன். அந்த நாலு முழத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டேன். அதை உங்கள் ரைட்டர் எழுதவில்லை.

அவன் பெண்டாட்டி சுந்தரம்மாவுக்கும் நான் குறை வைக்கவில்லை. அவன் திருமலையில் சாமியாராகச் சுற்றுவதாக யாரோ சொல்ல, அவள் வருஷாவருஷம் புரட்டாசியில் தேடப் போவாள். ஒரு வருஷம் துணைக்கு நானும் போனேன். மொட்டைத் தலைகளாகப் பார்த்து, இவனா பார், அவனா பார் என்று நாள் முழுக்கக் காட்டினேன். கால் வீங்கிவிட்டது.

தோண்டினேன். கொழு வந்தது. நாகபூஷணம் திருப்தியாகி, மூடு என்றார். சிட்டிபாபுதான் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று தட்டைக் குழிக்குள் விட்டார். இரும்பை எடுத்தாயிற்று, இனி கத்தக்கூடாது. கத்தியது. நாகபூஷணம் சிரித்தார். நான் அப்போது செருப்போடு நின்றிருந்தால் பழி என் காலோடு போயிருக்கும்.

சிட்டிபாபு சிரிக்கவில்லை. என் கையிலிருந்து மம்மட்டியைப் பிடுங்கி, தானே இறங்கினார். இடுப்பளவு ஆழத்தில் பச்சையப்பனின் வெள்ளி அரைஞாண் வந்தது. பெட்டிச் சாவி அதிலேயே கோத்திருந்தது. பக்கத்துக் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்த சுந்தரம்மா ஓடிவந்து அதைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"இந்தக் கல்லுல சாஞ்சிக்கினு உக்காந்துதானே பன்னெண்டு வருசமா கூழு குடிச்சேன். நீ பாத்துக்கினுதானே இருந்த, மாமா?"

நிழல் அங்கேதான் இருக்கிறது. வேறு எங்கே உட்காருவாள்.

கொன்றது நான்தான். கைநாட்டு வைத்துவிட்டேன். செருப்புக் காலை நீட்டாமல் சும்மா இருந்திருந்தால், கத்திய கல் என்று தொடாமலே போயிருப்பார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நாகபூஷணமும் அதையே சொல்கிறார். மிஷின் என்னைக் காப்பாற்றத்தான் கத்தியதாம். கழனியிலிருந்து என்னை இங்கே கொண்டுவரும்போது சிட்டிபாபு அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று குழாயை என் காதில் வைத்தார். என்னவோ கொசு மாதிரி ரீங்கரித்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு, கான்ஸ்டபிளுக்கு முன்னால் நானே வேனைப் பார்த்து நடந்தேன். தோண்டமாட்டோம் என்று சொன்னார்களாம். தோண்டினார்களா இல்லையா?