புகை வராத வெடி

என் பெயர் வெர்னா ஸ்டக்கி. வயது ஐம்பத்தெட்டு. காலஞ்சென்ற ஆர்லோ ஸ்டக்கியின் மனைவி. இண்டியானா மாநிலம் டன்லப் க்ரீக் ஊரில், தானியக் கிடங்குக்குப் பின்னால் உள்ள வீட்டில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ஊர்க் கருமருந்துத் துப்பாக்கிக் கழகத்தில் களப் பொறுப்பாளராகவும் இருக்கிறேன். கழகத் தலைவர் டுவைட் ரான்ஸ்டெல் மேல் ஒரு வாளி சோப்புத் தண்ணீரை ஊற்றியதாகப் புகார் வந்திருப்பதாகவும், அது பற்றி நான் சொல்வதைப் பதிவு செய்யப் போவதாகவும் ஷெரிப் அலுவலகத்துக் காவல் அதிகாரி டெபுடி டாலிவர் சொன்னார். ஊற்றியதாக என்று எழுத வேண்டாம், ஊற்றினேன் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நாங்கள் சுடுவது பழங்காலத்து ரிவால்வர்களைப் போலப் புதிதாகச் செய்தவை. தோட்டா கிடையாது. சுழலும் உருளையில் உள்ள ஒவ்வொரு அறையிலும் கருமருந்தை அளந்து கொட்டி, மேலே கொஞ்சம் கோதுமை ரவை போட்டு, ஈயக்குண்டை வைத்து அழுத்தி, ஓர் அறையின் நெருப்பு அடுத்த அறைக்குத் தாவாமல் இருக்கக் குண்டின் மேல் கொழுப்பைப் பூசி, சுடும் கோட்டுக்குப் போன பிறகுதான் பின்புறம், அடித்தால் தீப்பொறி தரும் கேப்பை வைக்க வேண்டும். ஆறு அறையில் ஐந்தைத்தான் நிரப்புவோம். கேப்பை அடிக்கும் சுத்தி இறங்கி நிற்கும் அறை காலியாக இருக்க வேண்டும். நாங்கள் இத்தனையும் செய்து ஐந்து முறை சுடுவதற்குள் மற்ற துப்பாக்கிக்காரர்கள் பெட்டித் தோட்டாவைத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். அந்த நிதானத்தில்தான் சுகம். சுட்டதும் வெள்ளைப் புகை கிளம்பி ஆளையே மறைக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், குண்டு பட்டதா இல்லையா என்று புகை விலகும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆர்லோ செத்த வருஷம் அந்த நாற்றம்தான் என்னை வீட்டை விட்டு வெளியே இழுத்தது.

டுவைட் டிராக்டர் விற்கிறார். கடை விளம்பரத்துக்காகத் தான் சுடுவதைப் படம் பிடிக்க ட்ரிஸ்டா என்ற பெண்ணை அமர்த்தியிருந்தார். முதல் தடவை எடுத்தபோது ஒவ்வொரு வெடிக்கும் புகை வந்து அவர் முகத்தை மறைத்துவிட்டது. அதைச் சொல்லிக் கழகத்தில் எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டார். நான் அவரிடம், "உன் மூஞ்சி தெரிஞ்சா வர்ற ஆளும் வராது டுவைட், புகையே இருக்கட்டும்" என்றேன். அவரும்தான் சிரித்தார். அதுவரை எங்களுக்குள் எந்த விரோதமும் கிடையாது.

அதன் பிறகு போன சனிக்கிழமை காலை அவர் மறுபடியும் ட்ரிஸ்டாவுடன் வந்தார். எல்லோர் கண்முன்னும் மேஜையில் வைத்துத்தான் மருந்து நிரப்ப வேண்டும் என்பது விதி. அவர் தன் வண்டிக்குள்ளேயே நிரப்பி, கேப்பும் வைத்து எடுத்து வந்தார். அது தவறு என்று சொன்னேன். அந்த விதியை எழுதியவனே நான்தான் என்றார். அப்படியானால் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். அவர் காதில் வாங்காமல் கோட்டுக்குப் போய்விட்டார். ட்ரிஸ்டா படம் பிடிக்க வசதியாக அவருக்குப் பக்கவாட்டில், உருளைக்கு நேராகக் கை எட்டும் தூரத்தில் நின்றாள். பின்னால் வரச் சொன்னேன். டுவைட் அவளிடம், "அது அப்படித்தான் கத்தும், நீ நில்லும்மா" என்றார். அவள் நின்றாள்.

அதன் பிறகு அவர் முதல் குண்டைச் சுட்டார். அடிவயிற்றில் இறங்க வேண்டிய சத்தம் சுளீரென்று காதில் அறைந்தது. புகை வரவில்லை. சுருட்டுப் பிடித்த அளவுக்கு ஏதோ கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான். அவர் முகம் பல் வரைக்கும் தெரிந்தது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. புதுத் துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்தை அவர் கலந்திருக்கிறார் என்று புரிந்தது. அதன் வேகத்தை எங்கள் ரிவால்வரின் இரும்பு தாங்காது. உருளை வெடித்தால் துண்டுகள் பக்கவாட்டில்தான் பறக்கும். பக்கவாட்டில் அந்தப் பெண் நின்றாள்.

நிறுத்து என்று கத்தினேன். கோட்டில் இருந்த மற்ற எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்கள். டுவைட் மட்டும் வைக்காமல், "பாத்தியா வெர்னா, இப்ப மூஞ்சி தெரியுதா" என்று சொல்லிக்கொண்டே சுத்தியை இழுத்தார். கூடவே தானாகச் சுழல வேண்டிய உருளை சுழலவில்லை. கட்டைவிரலால் தள்ளிச் சுழற்றினார். முதல் வெடியிலேயே உருளை உப்பி இறுகிவிட்டது என்றால் அடுத்ததற்குக் காத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. கையைப் பிடித்து இழுத்தால் துப்பாக்கி ஆட்கள் பக்கம் திரும்பிவிடும். சுட்ட பிறகு துப்பாக்கி கழுவ வைத்திருந்த வாளி என் காலடியில் இருந்தது. அதை எடுத்து அவர் முகத்தில் ஊற்றினேன். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்ததாகப் புகாரில் சொல்லியிருப்பது பொய். சற்று முன்புதான் அதே வாளியில் முழங்கை வரை விட்டுத் துப்பாக்கி கழுவியிருந்தேன்.

அதன் பிறகு அவர் கண்ணைக் கசக்கியபோது மணிக்கட்டைப் பிடித்து, குழலைக் குறிக்குப் பின்னால் உள்ள மண்மேட்டுப் பக்கமே வைத்து, ரிவால்வரை வாங்கி, கேப்புகளைப் பிடுங்கி, சுத்தியை மெல்ல இறக்கி மேஜையில் வைத்தேன். நான்கு அறைகள் நிரப்பியபடியே இருந்தன. அந்த ரிவால்வரைத்தான் டெபுடி வந்து எடுத்துப் போனார். அன்று மாலையே கழகம் கூடி என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. ட்ரிஸ்டா மட்டும் என் வண்டி வரை வந்து, என்ன நடந்தது என்று கேட்டாள். அவள் எங்கே நின்றாள் என்பதைச் சொன்னேன். அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முதல் குண்டுக்கு வெடிக்காத உருளை இரண்டாவதற்கு ஏன் வெடிக்க வேண்டும் என்று டெபுடி கேட்டார். வெடித்த பிறகு கேட்டிருந்தால் பதில் சுலபமாக இருந்திருக்கும் என்றேன்.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் டுவைட் புகாரைத் திரும்பப் பெறுவார் என்றும், வழக்கானால் பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்ட விடமாட்டார்கள் என்றும் டெபுடி சொன்னார். எனக்கும் தெரியும். அந்தப் பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு பிழைப்பில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாளைக்கு அவர் அதையே செய்தால் நாளைக்கும் ஊற்றுவேன். நான் தாக்கியதற்குச் சாட்சி என்று அவர் கொடுத்திருக்கும் படத்தைப் போட்டுப் பாருங்கள். முதல் வெடி வெடித்த கையோடு அவர் முகம் தெளிவாகத் தெரியும். சுத்தமான கருமருந்தில் சுட்டவன் முகம் அப்படித் தெரிந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் எழுதச் சொல்கிறேன், டெபுடியே கண்ணால் பார்த்ததுதான். இன்று காலை இதே அறையில் அவர் டுவைட்டிடம், "உங்க துப்பாக்கிய எடுத்துக்கலாம். ஆனா காலியா இருக்கணும். ஆபீஸ் பின்னாடி மண்மேடு இருக்கு, கேப் வச்சு மிச்ச நாலையும் சுட்டுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். டுவைட் ரிவால்வரைத் தொடவில்லை. தண்ணீரில் மருந்து நனைந்திருக்கும், இங்கேயே இருக்கட்டும் என்றார். நான் அவரிடம், "நனைஞ்சிருந்தா வெடிக்காது. நனையலன்னா, நீ போட்டது நல்ல மருந்துதானே. எதுக்குப் பயப்படுற டுவைட்" என்று கேட்டேன். அவர் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். போகும்போதும் வெளியே எடுக்கவில்லை. கதவை டெபுடிதான் திறந்துவிட்டார்.

மேலே உள்ளது முழுவதும் நான் கண்டது, நான் செய்தது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. டெபுடி உரக்கப் படித்துக் காட்டினார். மன்னிப்புக் கேட்கிறேன் என்று எங்கேயும் இல்லை என்பதை நானும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வெர்னா ஸ்டக்கி