நாற்பத்தோராம் எண், உள்ளே வரலாம்

மணி: டிங்... டாங்.

நாரே: அப்பா! நான் இன்னும் வாயே திறக்கல!

அப்பா: மூச்சு இழுத்தியே. அந்த மூச்சே எனக்குப் பிடிக்கல.

நாரே: எந்த நடுவரும் மூச்சுக்கெல்லாம் மணி அடிக்க மாட்டாரு.

அப்பா: போன வருஷம் ஒருத்தர் ரெண்டாவது வரியிலயே அடிச்சு அனுப்பிட்டாருன்னு நீதானே வந்து அழுதே? அதான் நான் கொஞ்சம் முன்னாடியே அடிச்சுப் பழக்குறேன்.

நாரே: ரொம்ப நன்றி. அந்த மணி பீர் வேணும்னு கூப்பிடுறதுக்கு மேசையில ஒட்டியிருக்கு. மனுஷனை விரட்டறதுக்கு இல்ல.

அப்பா: ஏன், உன் பாட்டைக் கேட்டா எனக்கும் பீர் வேணும்னுதான் தோணுது.

நாரே: சிரிச்சுட்டேன். சந்தோஷமா?

அப்பா: இதோ பாரு, மூணு மணிக்குக் கடை திறக்கணும். கோழியெல்லாம் மாவுல புரட்டாம அப்படியே கிடக்கு. கோழியோட வச்சுக் கொடுக்க முள்ளங்கி நறுக்கணும். இதுக்கு நடுவுல நாற்காலியெல்லாம் மேசை மேல கவுத்து வச்சு, உனக்கு மேடை வேற போட்டுக் கொடுத்திருக்கேன். நடுவர்கிட்ட மரியாதையாப் பேசு.

நாரே: மரியாதைக்குரிய நடுவர் அவர்களே, கையில இருக்கிற முள்ளங்கியைக் கீழ வைங்க.

அப்பா: முடியாது. அவங்க கையில பேனா இருக்கும், என் கையில இது. சரி, வெளிய போயிட்டு வா. கதவைத் தட்டாதே, கூப்பிட்டா மட்டும் வா... ம்ம். நாற்பத்தோராம் எண், உள்ளே வரலாம்!

நாரே: வணக்கம். நாற்பத்தோராம் எண், பாங் நாரே.

மணி: டிங்... டாங். டிங்... டாங்.

நாரே: இப்ப என்ன?

அப்பா: பேர் சொல்லிட்டே. அவ்வளவுதான், வீட்டுக்குப் போ.

நாரே: ஐயோ...

அப்பா: பேர் சொல்லக் கூடாது, எந்த ஸ்கூல்னு சொல்லக் கூடாது, எந்த அகாடமில பாட்டு கத்துக்கிட்டேன்னு சொல்லக் கூடாது. நெஞ்சுல ஒட்டின நம்பர் மட்டும்தான். கோழி பொரிக்கிற எனக்கே இது மனப்பாடம். மூணாவது வருஷமா ஆடிஷன் போறவளுக்குத் தெரியாதா?

நாரே: வாய் தவறிடுச்சுப்பா.

அப்பா: இங்க தவறட்டும். ஜனவரி ஆடிஷன்ல தவறினா...

நாரே: ம்.

அப்பா: என்ன ம்?

நாரே: ஒண்ணுமில்ல. ஜனவரில தவறாது.

அப்பா: முதல்ல செருப்பைப் போடு. தரை ஜில்லுனு இருக்கு.

நாரே: வெறுங்காலோடதான் நிக்கணும். கருப்பு டிரெஸ், இழுத்துக் கட்டின முடி, நெத்தி முழுசா தெரியணும், மூஞ்சில ஒரு பொட்டு பவுடர்கூட இருக்கக் கூடாது.

அப்பா: ஜெயிலுக்குப் போறவனுக்கே இதைவிட நல்லா உடுப்பு கொடுப்பாங்க.

நாரே: அவனுக்கு இடம் உறுதியாச்சே. எனக்குத்தான் இல்ல.

அப்பா: அது சரி. இந்த வருஷமும் முதல் சுற்றுல நாலு காலேஜும் கை விரிச்சாச்சு...

நாரே: நடுவர் இதையெல்லாம் பேச மாட்டாரு.

அப்பா: நான் நல்ல நடுவர், குடும்ப விவரமும் பேசுவேன். இந்தக் குளிர்காலம்தான் கடைசின்னு நீயே சொன்னே. ரெண்டாவது சுற்றுலயும் கிடைக்கலன்னா இந்த மியூசிக்கல் நாடகப் படிப்பையே மறந்துடறேன்னு. சொன்னியா இல்லையா?

நாரே: சொன்னேன். பாடவா, வேண்டாமா?

அப்பா: பாடு, பாடு. யாரு இந்தப் பொம்பளை? போன தடவை கடலைப் பார்த்து அழுதுட்டிருந்தாளே, அவளா?

நாரே: இவ வேற. நாட்டை இழந்த ராணி. எதிரி பிடிச்ச சொந்தக் கோட்டை வாசல்ல தனியா நிக்கிறா.

அப்பா: சாவியை மறந்துட்டாளா?

நாரே: அப்பா...

அப்பா: சரி, சரி. ராணியம்மா, ஆரம்பிங்க.

நாரே: "கதவைத் திற! கெஞ்சி நிற்க நான் வரவில்லை. இந்தக் கல்லை அடுக்கியவர்கள் என்னை அறிவார்கள்..."

அப்பா: ...

நாரே: "விளக்கை அணைத்தாலும் வழி எனக்குத் தெரியும். என் பெயரை அழித்தாலும் வாசல் என்னை மறக்காது..."

அப்பா: ...

நாரே: "திறக்காவிட்டால் இரு! விடியும் வரை இங்கேயே பாடுவேன். உன் தூக்கம் என்னுடையது!"

அப்பா: ...

நாரே: அப்பா.

அப்பா: என்ன?

நாரே: முடிஞ்சிடுச்சு. ஏன் மணி அடிக்கல?

அப்பா: கை ஈரமா இருந்துச்சு.

நாரே: ஈரக் கையோடதானே இவ்வளவு நேரம் அடிச்சீங்க?

அப்பா: நல்லா இருந்துச்சு.

நாரே: என்னது?

அப்பா: நல்லா இருந்துச்சுன்னேன். பாடறவளுக்குக் காது கேக்காதா?

நாரே: இருங்க, நான் உட்கார்ந்துக்கறேன். மூணு வருஷத்துல நீங்க சொன்ன பெரிய பாராட்டே, "இன்னிக்குக் கொஞ்சம் குறைவா வலிச்சுது"ங்கறதுதான்.

அப்பா: அதுவும் பாராட்டுதான்.

நாரே: காலையில கேட்காமலே கோழிக்கால் பொரிச்சுக் கொடுத்தீங்க. புதுசா கருப்பு டி-ஷர்ட் வாங்கி வச்சிருந்தீங்க. மேசையெல்லாம் நீங்களே நகர்த்தினீங்க. இப்ப இது. யாராவது செத்துட்டாங்களா?

அப்பா: சாவு வீட்டுல கோழிக்கால் எவன் கொடுப்பான்?

நாரே: நம்ம கடையில கொடுப்பீங்க. மீந்து போயிருந்தா.

அப்பா: சும்மா கேள்வி கேட்காதே. அடுத்தது என்ன? அங்கேயே எதையாவது கொடுத்து நடிக்கச் சொல்வாங்களே, அது. ம்... எண்ணெயில விழுந்த கோழி.

நாரே: எண்ணெயில விழுற கோழி ஏற்கெனவே செத்திருக்கும். என்ன நடிக்கறது?

அப்பா: தான் செத்தது அதுக்குத் தெரியாதுன்னு வச்சுக்கோ.

நாரே: ...அப்ப அது இன்னும் ஆடிஷனுக்குத் தயார் பண்ணிட்டிருக்கும்.

அப்பா: ...

நாரே: ஏன், சிரிப்பு வரலையா? நல்ல ஜோக்குதானே?

அப்பா: நாரே.

நாரே: ம்.

அப்பா: உனக்குப் பல்லு நல்ல வரிசையா இருக்கும்மா.

நாரே: ...நன்றி?

அப்பா: எங்க வீட்டுப் பக்கம் யாருக்கும் அப்படி அமையல. உங்க அம்மா பக்கத்து வரிசை அது.

நாரே: பாட்டுலேர்ந்து பல்லுக்கு எப்படி வந்தீங்க?

அப்பா: இல்ல, சும்மா தோணுச்சு... பல் டாக்டர்கிட்ட சுத்தம் பண்ற பொண்ணுங்க இருக்காங்களே. நல்ல வேலை. உட்கார்ந்தே செய்யலாம். எண்ணெய்ச் சூடு கிடையாது. எவனும் ரெண்டாவது வரியில மணி அடிக்க மாட்டான்...

நாரே: அப்பா, நேரா சொல்லுங்க.

அப்பா: முள்ளங்கியை நறுக்கிட்டுச் சொல்லவா?

நாரே: அப்பா!

அப்பா: செப்டம்பர்ல ஒரு விண்ணப்பம் போட்டேன். உன் பேர்ல. ஜொஞ்சு ஊர்ல ஒரு சின்ன காலேஜ். பல் சுகாதாரப் படிப்பு.

நாரே: பல் சுகாதாரமா?

அப்பா: மூணு வருஷமா ஓடறியே, எங்கேயும் கிடைக்கலன்னா கையில ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு... இன்சூரன்ஸ் மாதிரின்னு நினைச்சேன். கார் வாங்கினா போடறோம்ல? விபத்து நடக்கணும்னா போடறோம்?

நாரே: என் விண்ணப்பக் கணக்கோட பாஸ்வேர்டு எப்படித் தெரிஞ்சுது?

அப்பா: உங்க அம்மா சொன்னா.

நாரே: அருமை. குடும்பமே சேர்ந்து நாடகம் போட்டிருக்கு. நான்தான் இன்னும் ஆடிஷன் போயிட்டிருக்கேன்.

அப்பா: இன்னும் இருக்கு.

நாரே: சொல்லுங்க.

அப்பா: நேத்து சாயங்காலம் முடிவு வந்துச்சு. உன்னை எடுத்துட்டாங்க.

நாரே: ம்.

அப்பா: சரி, வேண்டாம்னு சொல்லிடலாம், போய்ச் சேர வேண்டாம், அவ்வளவுதானேன்னு நினைச்சேன். அப்புறம் ராத்திரி அந்த விதிமுறையெல்லாம் வாசிச்சேன். முதல் சுற்றுல எந்தக் காலேஜாவது எடுத்துட்டா... சேர்ந்தாலும் சரி, சேராட்டாலும் சரி... இந்த வருஷம் ரெண்டாவது சுற்றுக்கு விண்ணப்பமே போட முடியாதாம். எங்கேயும். ஜனவரி ஆடிஷன் உனக்கு... நாரே, சத்தியமா எனக்குத் தெரியாதும்மா.

நாரே: முதல் வருஷமே சொன்னேன். சோறு சாப்பிடும்போது. நீங்க பேஸ்பால் பார்த்துட்டிருந்தீங்க.

அப்பா: "ம்"னு சொன்னேனே.

நாரே: சொன்னீங்க. ரெண்டு தடவை.

அப்பா: திட்டு. முள்ளங்கியை வேணும்னா எடுத்து எறி.

நாரே: தெரிஞ்சே காலையிலேர்ந்து உட்கார்ந்து மணி அடிச்சுட்டு இருந்தீங்களா?

அப்பா: வேற என்ன பண்ணச் சொல்றே? எழுந்து வந்து சொல்லலாம்னு பார்த்தா, நீ தலையை இழுத்துக் கட்டிட்டு "அப்பா, வாங்க, நடுவரா உட்காருங்க"ன்னு நிக்கிறே. எந்த வாயால சொல்வேன்? ஒரு பாட்டு முடியட்டும், ஒரு பாட்டு முடியட்டும்னு... நானே முடிய விடாம அடிச்சுட்டிருந்தேன்.

நாரே: அப்பா, எனக்கும் தெரியும்.

அப்பா: என்ன தெரியும்?

நாரே: முடிவு. நேத்து உங்களுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்.

அப்பா: எப்படி?

நாரே: திருட்டு விண்ணப்பம் போடறவர், போன் நம்பர் கேட்கிற இடத்துல தன் நம்பரைப் போடணும். என் நம்பரைப் போட்டா மெசேஜ் யாருக்கு வரும்?

அப்பா: ...மாணவர் நம்பர்னு கேட்டிருந்துச்சே.

நாரே: நேர்மையான திருடர்.

அப்பா: அப்ப இன்னிக்கு எதுக்குப் பாடினே? வெறுங்காலோட, இந்தக் குளிர்ல?

நாரே: புது டி-ஷர்ட் வாங்கிட்டீங்களே, வீணாப் போகுமேன்னுதான்.

அப்பா: விளையாடாதே.

நாரே: கடைசி வரிவரைக்கும் பாடணும்னு இருந்துச்சுப்பா. மூணு வருஷத்துல ஒரு நடுவர்கூட என் கடைசி வரியைக் கேட்டதில்ல. உங்களையாவது கேட்க வைக்கலாம்னு. அதுக்கும் விடாம மணி அடிச்சுட்டே இருந்தீங்க.

அப்பா: இப்ப கேட்டேன்ல?

நாரே: கேட்டீங்க. எனக்கு அழுகை வந்துடும், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.

அப்பா: திரும்பிட்டேன்.

நாரே: ...

அப்பா: எனக்கு ஒண்ணுதான் புரியல. உன் மார்க்குக்கு எவன் உன்னை எடுத்தான்? அந்த மார்க்குக்குக் கோழிக்கடையிலயே வேலை கொடுக்க மாட்டாங்க. நான் அப்பாங்கறதால கொடுக்கறேன்.

நாரே: மார்க் பாதிதான். மீதி நேர்முகத் தேர்வு.

அப்பா: நேர்முகமா? அது வேற இருந்துச்சா?

நாரே: நவம்பர்ல. அதையும் நீங்க வாசிக்கல.

அப்பா: நீ போனியா?

நாரே: போனேன். அகாடமிக்குப் போறேன்னு சொன்னேனே ஒரு சனிக்கிழமை, பஸ் ஸ்டாண்டுல விட்டீங்களே. அன்னிக்குத்தான்.

அப்பா: எதுக்குப் போனே?

நாரே: ஃபெயிலாகத்தான்.

அப்பா: ஆங்?

நாரே: மூணு பேராசிரியைங்க உட்கார்ந்திருந்தாங்க. "ஏன் இந்தப் படிப்பு?"ன்னு கேட்டாங்க. நான் எழுந்து நின்னு "கதவைத் திற!"ன்னு ஆரம்பிச்சுட்டேன்.

அப்பா: ராணிப் பாட்டா?

நாரே: முழு ராணி. மேசையைத் தட்டிப் பாடினேன். பைத்தியம்னு விரட்டிடுவாங்கன்னு பார்த்தா, நடுவுல இருந்த அம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "வாயை இவ்வளவு அழகா திறக்கிற பொண்ணை நான் பார்த்ததே இல்ல, கடைவாய்ப் பல்லு வரைக்கும் தெரியுது"ன்னுட்டாங்க.

அப்பா: ஹா! கடைவாய்ப் பல்லா!

நாரே: எழுந்து நின்னு கை தட்டினாங்க.

அப்பா: ஹா ஹா... ஐயோ... பாட்டுக் காலேஜ்ல ரெண்டு வரி கேட்கல, பல்லு காலேஜ்ல எழுந்து நின்னு... உங்க அம்மாகிட்ட இதைச் சொல்லணும்... அப்ப, அப்ப இது என் தப்பு மட்டும் இல்ல. பாதி நான், பாதி நீ!

நாரே: சரி, பாதிப் பாதி.

அப்பா: ராத்திரி பூரா தூங்கலம்மா நான். அம்மாடி... கடைவாய்ப் பல்லு...

நாரே: மாவு எங்க? நான் புரட்டறேன். நீங்க முள்ளங்கியை முடிங்க.

அப்பா: அந்தப் பெரிய பாத்திரத்துல... நாரே.

நாரே: ம்.

அப்பா: ஃபெயிலாகணும்னா அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாமே.

நாரே: மாவு கெட்டியா இருக்கு.

அப்பா: வீட்டுலயே போர்த்திட்டுப் படுத்திருந்தாலே ஃபெயில்தானே.

நாரே: உப்பு போட்டாச்சா இதுல?

அப்பா: போட்டாச்சு. இங்க பாரு... அங்க நிஜமாவே பாடினியா?

நாரே: இல்லப்பா. பாடல. கேட்டதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொன்னேன். ரெண்டு நாள் உட்கார்ந்து பல்லைப் பத்திப் படிச்சுட்டுத்தான் போனேன். எடுத்துட்டாங்கன்னா ஜனவரி ஆடிஷன் கிடையாதுன்னு எனக்குத் தெரியும்... தெரிஞ்சுதான் போனேன். நாலாவது காலேஜும் வேண்டாம்னு சொன்ன வாரம் அது. உங்களைவிட எனக்குத்தான்ப்பா பயமா இருந்துச்சு.