இடப்பக்கம் திருப்பினால் ஏறும் சத்தம்

பிற்பகல் இரண்டரை மணி. பேய்க் கதைக்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? ராத்திரியில் நாலு நாயாவது குரைக்கும். அந்த வெயிலில், ஊருக்கு வெளியே போகிற அந்த ரோட்டில், ஒரு காக்கைகூட இல்லை... கதவோரம் இருப்பவர் அதை நன்றாகச் சாத்திவிட்டு உள்ளே நகர்ந்து உட்காருங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

இது என் சிநேகிதனின் தாய்மாமாவுக்கு நடந்தது. மோட்டார் சைக்கிள் மெக்கானிக். ரோட்டோரம் தனியாக ஒரு தகர ஷெட். எல்லோரும் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். மீட்டர் கீட்டர் ஒன்றும் கிடையாது. இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தைக் கேட்டே சரிசெய்துவிடுவார். அதில் மனிதருக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

ஆக்ஸிலேட்டர் கேபிளில் கை வைத்தால், கடைசியாக ஒரு வேலை செய்வார். வண்டியை நின்றபடி ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்கத் திருப்புவார். பிறகு வலப்பக்கம். சத்தம் ஏறக் கூடாது. ஏறினால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். வளைவில் திரும்பும்போது, ஓட்டுகிறவர் முறுக்காமலே வண்டி பாய்ந்துவிடும்.

ஒரே ஒரு நாள் அதை அவர் செய்யவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. பசி. தபால்காரர் ஒருவரின் வண்டிக்குப் புதுக் கேபிள் போட்டுவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டுக் கை கழுவப் போனார். கூப்பிடு தூரத்தில், ஒரு கருங்கல் சுவரை ஒட்டி ரோடு இடப்பக்கம் திரும்பும். அங்கே இன்ஜின் அலறியது கேட்டது. அப்புறம் ஒரு டமார்... அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

தபால்காரர் வேகமாகப் போய்ச் செத்தார் என்று போலீஸில் எழுதி முடித்துவிட்டார்கள். காது வாயைத் திறக்கவில்லை. தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. ஆனாலும் திறக்கவில்லை. சொன்னால் பிழைப்பு போய்விடும் என்ற பயம்.

ஆறு மாதம் கழித்து, நான் சொன்ன அந்த இரண்டரை மணிக்கு, அவருடைய தங்கை புருஷன் ஒரு பழைய வண்டியில் வந்து இறங்கினார். மேலே புதுப் பெயின்ட்.

"புரோக்கர்கிட்ட அடிமாட்டு விலைக்கு வாங்கினேன் மச்சான். ஆக்ஸிலேட்டர்தான் ஒரு மாதிரி இழுக்குது. மூணே காலுக்கு நான் ஷிப்டுக்குக் கிளம்பணும்."

சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் போய்ப் படுத்துக்கொண்டார்.

காது குனிந்து பார்த்தார். கார்புரேட்டருக்கு மேலே, கேபிளின் ரப்பர் மூடியில் மூன்று சுற்றுச் செம்புக் கம்பி. நுனியை உள்பக்கம் மடக்கி முறுக்கியிருந்தது. அப்படிக் கட்டுகிற ஆள் ஒருவர்தான். அவரேதான்... தபால்காரரின் வண்டிக்குப் போட்ட அதே கேபிள்.

கேபிளை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தினார். கைப்பிடியில் இரண்டு மில்லிமீட்டர் தளர்வு விட்டார். கிக்கர் ஒரே உதை. டக்... டக்... டக்... அருமையான சத்தம். ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினார்.

ஏறியது.

இன்னும் தளர்த்தினார். திருப்பினார். ஏறியது. கேபிள் தொளதொளவென்று ஆகிவிட்டது. அப்போதும் ஏறியது. கடைசியில் அவருக்கு ஆத்திரமே வந்துவிட்டது. கேபிளைக் கார்புரேட்டரிலிருந்து மொத்தமாகக் கழற்றித் தொங்கவிட்டார். இனி எதை வைத்து ஏறும்?

இடப்பக்கம் திருப்பினார்...

கழற்றிப் போட்ட கேபிளின் நுனியில் நீட்டியிருந்த உள்கம்பி சரக்கென்று மேலே ஏறியது. இன்ஜின் அலறியது. ஷெட் தகரம் அதிர்ந்தது. காதின் கை முறுக்குகிற வலக் கைப்பிடியில் இல்லை. ஆனால் கைப்பிடி திரும்பியிருந்தது. தொட்டுப் பார்த்தார். ரப்பரில் வியர்வை, சூடாக.

சாவியைப் பிடுங்கி டூல் பெட்டி மேல் எறிந்தார். பழக்கதோஷத்தில் கேபிளைத் திரும்பவும் மாட்டி முடிப்பதற்குள், தங்கை புருஷன் கொட்டாவி விட்டபடி வந்து, சாவியை எடுத்துப் போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டார்.

"அடேயப்பா! கடிகாரம் மாதிரி ஓடுதே மச்சான்!"

"மாப்ள, எடுக்காதீங்க."

"ஏன்?"

ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனியில்தான் இருந்தது. தங்கையின் முகம், அவள் பையனின் முகம், எல்லாம் கண் முன்னால் வந்தது. ஆனால் வாயில் வந்ததோ வேறு.

"ஒரு... ஒரு பார்ட்ஸ் வரணும். நாளைக்கு எடுத்துக்கலாம்."

"அட போங்க மச்சான், நீங்களும் உங்க பார்ட்ஸும்!"

வண்டி கிளம்பிவிட்டது. காது ரோட்டுக்கு ஓடி வந்து நின்று கேட்டார். வாழ்நாளில் அவ்வளவு உன்னிப்பாக எதையும் அவர் கேட்டதில்லை. சத்தம் சுவரை நெருங்கியது. திரும்பியது... ஏறியது. அவர் காதைப் பொத்திக்கொண்டார். டமார் வரவில்லை. கையை எடுத்தால்... டக், டக், டக். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். ரோட்டோரம் வண்டி ஸ்டாண்டில் நின்றது. தங்கை புருஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கருகிய ரப்பர் நாற்றம், பெட்ரோல் நாற்றம்.

"நடு ரோட்டுல ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தர் கை காட்டினார் மச்சான். 'நீங்க இறங்குங்க, மெக்கானிக் ஓட்டட்டும்'னார்."

"எங்க அவர்?"

"இங்கதான்... இப்ப இங்கதான் நின்னார்."

காதுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போயிருக்கலாம். ஓடினால் நாளைக்கு இந்த வண்டியில் திரும்பவும் மாப்பிள்ளை ஏறுவார். வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். பின் சக்கரத்து ஸ்பிரிங் ஒரு தடவை இறங்கியது. அது அவருடைய பாரம்... அப்புறம் இன்னொரு தடவை இறங்கியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கைக்குள் கைப்பிடி தானாகத் திரும்பியது. எந்தத் தெரு, எந்தச் சந்து என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சின்ன வீட்டு வாசலில் வண்டி தானாக அணைந்தது.

உள்ளே தபால்காரரின் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். காது நின்றபடியே சொல்லிவிட்டார்.

"அன்னைக்குக் கேபிள் இறுக்கமா இருந்துச்சும்மா. நான் ஹேண்டில்பாரத் திருப்பிப் பாக்கல. பாத்திருந்தா அவர் இருந்திருப்பார். தப்பு அவர் மேல இல்ல, என் மேல."

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காது தேம்பித் தேம்பி அழுதார். ஆறு மாதத்து அழுகை. பிறகு அவள் அவருடைய தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள்.

"கூட வந்தவர உள்ள கூப்பிடுங்கண்ணே. இந்த வெயில்ல ஹெல்மெட்டக்கூடக் கழட்டாம எவ்வளவு நேரம் நிப்பாரு?"

காது அவளைத் தடுக்கத்தான் பார்த்தார். அதற்குள் அவள் ஒரு டம்ளரில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.