எர்த் குழிக்கு ஊத்தின தண்ணி

சவுண்டு கேபிள் வாங்கும்போது அவசரப்படக் கூடாது அண்ணாச்சி. கடைக்காரன் எடுத்து நீட்டினதை அப்படியே பையில போட்டுட்டு வாரவன் ஏமாந்தவன். நான் நம்ம கோவில்பட்டி பஜார்ல மூணு கடை ஏறி இறங்கி, பின்னை ஆட்டிப் பாத்து, வயரை வளைச்சுப் பாத்து வாங்கினேன். நீங்க இந்த வளவுக்கு ஓனரு, ஆறு வீட்டுக்கும் பெரியவரு. கல்யாணத் தண்ணி எங்கலே போச்சுன்னு கேக்குதீங்க. அதுக்குத்தான் வாரேன். கேபிள்ல இருந்து ஆரம்பிச்சாத்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்கு விளங்கும்.

வேலுத்தாயக்கா எனக்கு அடுத்த வீடு. நான் காய்ச்சல்ல கிடந்தப்ப கஞ்சி கொண்டாந்து குடுத்த மனுசி. மக சுதாராணிக்கு விளாத்திகுளத்துல மாப்பிள்ளை அமைஞ்சதும் முதல்ல என்கிட்டதான் வந்தாவ. "ஏலே வெயிலுமுத்து, நம்ம புள்ள கல்யாணத்துக்கு நீதாம்லே பாட்டு"ன்னாவ. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ரேடியோ செட்டு போடுதவனை யாரு அப்படி வாய் நிறையக் கூப்பிடுதா. சும்மா கேசட்டைத் தட்டி விடாம, கம்ப்யூட்டர்ல டி.ஜே. மிக்ஸாப் பண்ணி சி.டி. போட்டுருவோம்னு அன்னைக்கே முடிவு பண்ணேன். ஒரு பாட்டு முடியுததுக்குள்ள அடுத்த பாட்டு உள்ள வந்துரும். நம்ம வளவுல அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

அதுக்கு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வேணும். முதல்ல கிடைச்சது பத்து நிமிசத்துல நின்னு போகும். ரெண்டாவதுல அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க ஒரு வெள்ளைக்காரி வந்து, காசு கட்டுன்னு இங்கிலீசுல சொல்லுதா. தாலி கட்டுத நேரம் பாத்து அவ பேசினா சபையில நல்லாவா இருக்கும். மூணாவது ஓசி, ஆனா தங்கம். சத்தத்தை அப்படியே கோடா வரைஞ்சு காட்டும். பாட்டு ஓடினா கோடு குதிக்கும், பாட்டு இல்லன்னா நேரா நிக்கணும். என் கோடு நேரா நிக்கல. கம்பளிப்பூச்சி மாதிரி நெளிஞ்சுது. ஹெட்போன்ல கேட்டா உம்முன்னு ஒரு இரைச்சல்.

ஃபேனை நிறுத்திப் பாத்தேன், டியூப் லைட்டை அணைச்சுப் பாத்தேன், மிக்ஸரைக் கழத்தி மாட்டினேன். மிக்ஸர்ல இருந்து கம்ப்யூட்டருக்குப் போற கேபிள்ல குறை இருக்க வழியே இல்ல, அது நான் பாத்து வாங்கினது. கடைசியில ஒரு ஒயர்மேன்ட்ட கேட்டேன். கரிசல் மண்ணு கோடையில வெடிச்சிரும்லா, எர்த் கம்பியைப் பிடிக்காது, அதான் இரையுது, கம்பி புதைச்ச குழியில ஒரு குடம் தண்ணிய ஊத்துன்னாரு. வளவுக்குப் பின்னால போய்ப் பாத்தேன். குழியைச் சுத்தி, கை உள்ள போற அளவுக்கு வெடிப்பு. பாக்கவே பாவமா இருந்துச்சு.

நம்ம ஊர்ல குழாயில தண்ணி வாரது பன்னெண்டு நாளைக்கு ஒருக்க. என் வீட்டுல இருந்தது குடிக்கவே காணாது. வேலுத்தாயக்கா பின்கொட்டகையில கல்யாணச் சமையலுக்குன்னு அஞ்சு டிரம் நிறைய இருந்துச்சு. தீப்பெட்டி ஆபீஸ்ல நாள் பூரா வேலை பாத்துட்டு வந்து, தெருக்குழாயில வரிசை நின்னு, இடுப்புலயும் தலையிலயுமாச் சுமந்து சேத்தது. கேட்டா குடுத்திருப்பாவ. ஆனா அந்தப் பாட்டு நான் வைக்குத மொய்யி. மொய் வைக்குதவன் கல்யாண வீட்டுலயே கை நீட்டக் கூடாதுல்லா. அதனால கேக்கல. மத்தியானம் வளவுல எல்லாரும் வேலைக்குப் போயிருவாவ. ஒரு குடம் ஊத்தினேன். இரைச்சல் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. மறுநாள் மண்ணு காஞ்சிருச்சு, ரெண்டு குடம் ஊத்தினேன். கரிசல் மண்ணு குடிக்க ஆரம்பிச்சா லேசுல போதும்னு சொல்லாது.

ஒரு வாரத்துல அக்கா கண்டுபிடிச்சிட்டாவ. "ஆத்தி, ஒரு டிரம்மைக் காணமே"ன்னு நெஞ்சுல கை வச்சுக்கிட்டாவ. எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு. ஆறுதலா ஏதாவது சொல்லணுமேன்னு சோலை அண்ணன் ஆட்டைச் சொன்னேன். மூணாவது வீட்டு சோலை அண்ணனுக்கு ஏழு உருப்படி, அதுல ஒரு செவலைக் கிடா ரொம்பச் சூட்டிகை. "டிரம்முக்கு மூடி இருக்கேலே, ஆடு எப்படித் தொறக்கும்"னு சோலை அண்ணன் கேட்டாரு. அவரு கேக்கத்தான் செய்வாரு. "கொம்பு பின்ன எதுக்கு இருக்கு"ன்னேன். எல்லாரும் கிடாவைத் திரும்பிப் பாத்தாவ. அதுவும் அந்த நேரம் பாத்துத் தலைய ஆட்டிச்சு. அண்ணன் கயத்தாத்துல மச்சினன் வீட்டுக்கு மத்த ஆடுகளை ஓட்டிட்டுப் போயி விட்டுட்டு வந்துட்டாரு. கிடா மட்டும் சாமிக்கு நேந்து விட்டது, அதை வீட்டு வாசல்ல கட்டிப் போட்டாரு.

கொட்டகைக்குப் பூட்டுப் போடுவோம்னு யோசனை சொன்னதும் நான்தான். சாவி யாருட்ட இருக்கட்டும்னு பேச்சு வந்துச்சு. பகல்ல வளவுல இருக்குத ஒரே ஆளு நான், என்கிட்டயே குடுத்தாவ. அந்த நம்பிக்கைக்கு நான் ஒரு குறையும் வைக்கல அண்ணாச்சி. தினமும் தொறந்தேன், தினமும் ஞாபகமாப் பூட்டினேன்.

நேத்து கல்யாணத்துல நீங்களும் பந்தல்ல இருந்தீங்க. சமையக்காரரு கொட்டகைக்குப் போயி முதல் டிரம்மைத் தட்டினாரு. காலி டிரம் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. அஞ்சையும் தட்டிப் பாத்தாரு, அஞ்சும் அதே சத்தம். வேலுத்தாயக்கா அப்படியே தரையில உக்காந்துட்டாவ. அழுகை கூட வரல. விளாத்திகுளத்துக்காரவிய வேன்ல வந்து இறங்கி, கை கால் கழுவத் தண்ணி கேட்டாவ. யாரோ அவசரத்துல கலர் சோடா பாட்டிலை உடைச்சுக் குடுத்துட்டாவ. மாப்பிள்ளையோட பெரியப்பா, கையெல்லாம் பிசுபிசுன்னு நிக்காரு. "கை கழுவக் கலர் தருதாவ, குடிக்க என்ன தருவாவளோ. வண்டியத் திருப்புங்கலே"ன்னுட்டாரு. சுதாராணி மாலையும் கழுத்துமா நடைவாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. நீங்க உங்க தோட்டத்துக் கிணத்துல இருந்து டிராக்டர்ல தண்ணி கொண்டு வந்ததாலதான் தாலி ஏறிச்சு. அந்தக் கிணத்துத் தண்ணியில பாயசம் உப்புக் கரிச்சுது. மாப்பிள்ளை ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு நல்லாருக்குன்னாரு. தங்கமான பையன்.

என் சி.டி.யும் ஓடிச்சு. ஆனா கரண்டு போயி, ஜெனரேட்டரை ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே கொண்டு வச்சிட்டாவ. ஒரு பாட்டு கூட ஒருத்தர் காதுலயும் விழல. நேத்து நடந்ததுல எனக்கு ஆறாத வருத்தம் அது ஒண்ணுதான்.

சாயங்காலம் கிடா கயித்தை அத்துக்கிட்டு ஓடிச்சு. சோலை அண்ணன் பின்னாலயே ஓடினாரு. சித்திரை வெயில்ல ஊரே கருகிக் கிடக்கு, எர்த் குழியைச் சுத்தி மட்டும் முழங்கால் உசரத்துக்குப் பச்சைப் புல்லு. கிடா நிதானமா மேய்ஞ்சுக்கிட்டு நின்னுச்சு. அண்ணன் புல்லைப் பாத்தாரு, குழியில இருந்து என் ஜன்னலுக்குப் போற ஒயரைப் பாத்தாரு. அப்பறம் உங்களைக் கூட்டிட்டு வந்தாரு. அதுல அவரு மேல எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல.

இப்ப அந்தக் கேபிளை ஏன்லே கையில வச்சு உருட்டுதன்னு கேக்குதீங்க. அதையும் மறைக்காம சொல்லிருதேன். கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முன்னால ஒரு ரிப்பேர் கடையில இதைக் காட்டினேன். அந்தத் தம்பி பின்னைத் தொறந்து பாத்துட்டுச் சிரிச்சான். உள்ள ஒரு கம்பி ஈயம் வச்சு ஒட்டாம விட்டுப் போயிருக்கு. ஒரு பொட்டு ஈயம் வச்சான். வீட்டுல வந்து மாட்டினேன், கோடு ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி நேரா நின்னுச்சு. மண்ணுக்கும் அந்த இரைச்சலுக்கும் சம்பந்தமே இல்ல.

அன்னைக்கு அஞ்சாவது டிரம் தொடாம நிறைய இருந்துச்சு. அதை வச்சே கல்யாணத்தைச் சமாளிச்சிருக்கலாமேலே, அதையும் ஏன் ஊத்தினன்னு கேக்குதீங்க. நீங்களே யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. வேலுத்தாயக்கா இடுப்பொடியச் சுமந்த தண்ணி, நாலு டிரம் அந்தக் குழிக்குள்ள போயிருக்கு. பாதியில நிறுத்தினா மண்ணு திரும்பக் காஞ்சு, ஊத்தினது அத்தனையும் வீணாப் போயிரும். அந்த மனுசி தண்ணிய வீணாக்க எனக்கு மனசு வரல.